பிள்ளை பிறந்ததும் சர்க்கரை போயாச்சா? 45-வது நாள் 'டெஸ்ட்' எடுத்தால்தான் தெரியும்!

சென்னை, மார்ச்.10–

"குழந்தை பொறந்தாச்சு. சர்க்கரையும் போயாச்சு!"

கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்களின் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆனால் இது பாதிதான் உண்மை என்கிறார்கள் டாக்டர்கள்.

போய்விட்டதாக நினைக்கும் சர்க்கரை அடுத்த கர்ப்பத்தில் திரும்ப வரலாம். சில ஆண்டுகளில் நிரந்தரமாகவே வந்து தங்கி விடலாம். அதைத் தடுக்க நல்ல சமயம், ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவில் கிடைக்கும் காலம்தான்.

இன்று கர்ப்பகால சர்க்கரை நோய் விழிப்புணர்வு தினம். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978-ல் சர்க்கரை நோய்க்கு தனிப்பிரிவு தொடங்கிய டாக்டர் வி.சேஷையாவின் பிறந்த நாளான மார்ச் 10-ந்தேதி இப்படி அனுசரிக்கப்படுகிறது.

கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரை பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2007-ல் தமிழக அரசு உத்தரவிட்டது. 75 கிராம் குளுக்கோசை தண்ணீரில் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால சர்க்கரை.

முகத்தைச் சுளித்துக் கொண்டே அந்தத் தண்ணீரைக் குடித்தது எந்தத் தாய்க்கும் மறக்காது. ஆனால் பிரசவமான 6 வாரத்தில் மறுபடியும் அதைக் குடிக்க வேண்டும் என்பதுதான் மறந்து போகிறது.

வண்டி ஓடுது... என்ஜின்?

கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியில் சுரக்கும் சில ஹார்மோன்கள், இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கும். அதை ஈடுகட்ட கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரக்க வேண்டும். அப்படிச் சுரக்க முடியாதவர்களுக்கு சர்க்கரை ஏறுகிறது.

பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியே வந்து விடுகிறது. சர்க்கரையும் இறங்கி விடுகிறது.

பாலத்து மேட்டில் திணறிய பழைய பஸ், சமதளத்துக்கு வந்ததும் சுலபமாக ஓடும். அதனால் என்ஜின் சரியாகி விட்டது என்று அர்த்தமா?

13 லட்சம் பெண்களுக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டி, 2020-ல் ஒரு ஆய்வு வெளியானது. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்கு பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறத்தாழ 10 மடங்கு என்று அதில் தெரிய வந்தது.

ஊசி போடும் நாள்

'டெஸ்ட்' தவறிப் போக காரணங்கள் பல. தலைப்பிரசவம் தாய் வீட்டில். பைல் ஒரு ஊரில், தாய் இன்னொரு ஊரில். ராத்திரி தூக்கம் கிடையாது. உடம்பிலும் ஒரு தொந்தரவும் தெரியாது.

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. குழந்தைக்கு 45 நாள் தடுப்பூசி போட எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அன்றைக்கே அம்மாவும் ரத்தம் கொடுத்து விடலாம்.

வெறும் வயிற்றில் ஒரு முறை, குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து ஒரு முறை. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, குடித்த பிறகு 200 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ சர்க்கரை நோய். குடித்த பிறகு 140 முதல் 199 வரை என்றால், நோய் வாசலில் நிற்கிறது என்று பொருள். 140-க்குள் இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

லேகியமும் மிச்சச் சோறும்

"பால் ஊறணும், நல்லா சாப்பிடு!" என்று பெரியவர்கள் சொல்வது அன்பினால்தான். ஆனால் வெல்லமும் நெய்யும் கலந்த லேகியம், வேளைக்கு வேளை இனிப்பு போட்ட பால், பிள்ளை மிச்சம் வைத்த சோறு... இப்படித்தான் உடம்பு கனத்துப் போகிறது.

தாய்ப்பால் கொடுப்பது பிள்ளைக்கு மட்டுமல்ல, தாய்க்கும் நல்லது. பிற்காலத்தில் சர்க்கரை வரும் அபாயத்தை அது குறைக்கிறது.

உடம்பு தேறியதும் வாரத்தில் 5 நாள், தினம் அரை மணி நேரம் வேகமாக நடக்கலாம். தட்டில் சோற்றைக் குறைத்து காய், பருப்பைக் கூட்டலாம். கூடுதல் எடை உள்ளவர்கள் கொஞ்சம் குறைத்தாலே போதும். 70 கிலோ இருப்பவர் 5 கிலோ குறைத்தால் பலன் தெரியும்.

சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு சாட்சி. சர்க்கரையின் வாசலில் நின்ற ஆண்கள், பெண்கள் 531 பேரை அவர்கள் கவனித்தார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் 3 ஆண்டுகளில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாட்டுக்கு ஊக்கம் பெற்றவர்களில் வந்தது 39 பேருக்குத்தான்.

அடுத்த பிள்ளைக்கு முன்னால்...

ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு குறைந்தது 2 ஆண்டு இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதற்கு காப்பர்-டி போட்டுக் கொள்ளலாம். அதனால் சர்க்கரை ஏறாது.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். கருவில் பிள்ளையின் இருதயமும் முதுகெலும்பும் முதல் 8 வாரங்களிலேயே உருவாகின்றன. "நாள் தள்ளிப் போச்சே" என்று தாய் யோசிப்பதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்! அந்த நேரத்தில் சர்க்கரை ஏறி இருந்தால், பிள்ளை குறையோடு பிறக்கும் அபாயம் உண்டு.

எனவே காப்பர்-டியை எடுப்பதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்து கொள்ள வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால், 3 மாத சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவை 6.5-க்குள் கொண்டு வந்த பிறகு கருத்தரிப்பது நல்லது. போலிக் அமில மாத்திரையையும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். ரத்தக் கொதிப்பு, கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். சில மாத்திரைகளை அவர் மாற்றித் தருவார். தாங்களாக நிறுத்தக்கூடாது.

வீட்டுக்காரர் கவனத்துக்கு

பிள்ளையைத் தூக்கிக் கொண்டு, 2 மணி நேரம் ஆஸ்பத்திரியில் தனியாக உட்கார எந்தத் தாயாலும் முடியாது. அன்றைக்கு ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டோ, கடையை கொஞ்சம் தாமதமாகத் திறந்தோ கணவர் கூடப் போக வேண்டும். கர்ப்பகால பைலை மறக்காமல் எடுத்துக் கொள்ள வேண்டும்.

அங்கே சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "மாசமா இருந்தப்போ சுகர் இருந்துச்சு. குளுக்கோஸ் குடிச்சுப் பாக்குற டெஸ்ட் எடுக்கணும்."