யானை போட்ட விதை

(மரமும் மனிதரும் – 14)

கருங்காலியின் கனம், தண்ணீரில் போட்டால் மூழ்கும் குணம் எல்லாம் போன இதழிலேயே வந்தாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடிக்கவும். இந்த வாரம் கேமரூனில் உள்ள ஓர் அறுவை மில்லுக்குள் நுழைவதாகத் திட்டம். வழியை யானை மறித்துவிட்டது.

காங்கோ படுகையின் மழைக்காடுகளில் வளரும் கருங்காலிக்குத் தாவரவியலார் வைத்த பெயர் டயோஸ்பைரோஸ் கிராஸிஃப்ளோரா. (நம் பீடி இலை மரமும், பழக்கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பெர்சிமனும் இதே டயோஸ்பைரோஸ் பேரினம்தான். பீடிக்கும், கருங்காலி விரல்பலகை போட்ட கிதாருக்கும் பங்காளி உறவு!) இதன் பழத்தைக் காட்டு யானை விழுங்கும், விதை கடிபடாமல் வயிற்றுக்குள் போய், தாய் மரத்திலிருந்து வெகு தொலைவில் லத்தியோடு விழும். இதுவரை பள்ளிப் பாடம். ருசியான சேதி இனிமேல்தான்.

அந்த லத்தி வெறும் எரு அல்ல, காவலும்கூட. காட்டு எலி போன்ற கொறிப்பன கருங்காலி விதையைக் கண்டால் விடாது. லத்திக்குள் புதைந்த விதை அவற்றின் பல்லுக்குத் தப்பிவிடுகிறது. 2025இல் 'சயன்ஸ் அட்வான்ஸஸ்' இதழில் வந்த கேமரூன் ஆய்வு இதைக் கணக்காகவே காட்டியது: யானை அற்றுப்போன காடுகளில் கருங்காலியின் இளங்கன்றுகள் 68 சதவீதம் குறைவு. முளைத்த கன்றுகளும் தாய் மரத்தை ஒட்டியே நிற்பதால், சொந்தத்துக்குள்ளேயே மகரந்தம் சேரும் சிக்கல் வேறு.

யானையின் நிலைமை? ஆப்பிரிக்கக் காட்டு யானைகள் 31 ஆண்டுகளில் 86 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டன என்று சொல்லி, 2021இல் ஐ.யூ.சி.என். அவற்றை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது. தந்தத்துக்காகச் சுட்டவன் கருங்காலிக்கும் சேர்த்தே குழி வெட்டியிருக்கிறான். இன்று நிற்கும் பெருமரங்கள் யானைகள் நிறைந்திருந்த காலத்து விதைகள். அதனால் அண்ணாந்து பார்ப்பவருக்கு இழப்பு தெரியாது. குனிந்து கன்றைத் தேடினால்தான் தெரியும்.

இந்த ஆராய்ச்சிக்கு வித்திட்டவர் கிதார் செய்கிறவர் என்பது இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவின் டெய்லர் கிதார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பாப் டெய்லர், ஸ்பெயினின் மதின்தேர் நிறுவனத்தோடு சேர்ந்து 2011இல் கேமரூனின் யாவுண்டேயில் கிரெலிகாம் என்ற மில்லை வாங்கினார். அங்கேதான் தெரிந்தது, பத்து மரம் வெட்டினால் ஒன்றில்தான் வைரம் முழுக் கருப்பாக இருக்கும் என்பது. வெட்டும்வரை வெளியிலிருந்து கண்டுபிடிக்கவும் முடியாது. பழுப்புக் கோடு ஓடிய மற்ற ஒன்பதும் விலைபோகாமல் காட்டிலேயே மட்கின. ஓசைக்கு அந்தக் கோடுகளால் ஒரு குறையும் இல்லை. கருப்பே வேண்டும் என்று அடம்பிடித்தது வாங்குகிறவர் கண்தான். கோடு போட்ட கட்டையையும் வாங்குவோம் என்று டெய்லர் அறிவித்தது அதனால்தான். 2016இல் காங்கோ படுகை நிறுவனம் என்ற ஆய்வு நிறுவனத்துடன் சேர்ந்து கன்று வளர்க்கும் திட்டமும் தொடங்கியது. மேலே சொன்ன யானை ஆய்வு அதன் வழியே வந்ததுதான்.

மில்லுக்குள் அடுத்த வாரம் கட்டாயம் போகலாம். அதற்குள் வீட்டில் வயலின் இருந்தால் விரல்பலகையைக் கவனியுங்கள். மலிவு வயலின்களில் வேறு மரத்துக்குக் கருஞ்சாயம் ஏற்றியிருப்பார்கள். விரல் தேய்ந்த இடத்தில் சாயம் வெளுத்திருக்கும்.