ரோஜா மெத்தையில் கொப்புளம் கண்ட ஊர் தெரியுமா?

நாம் 'சுகவாசி' என்கிறோமே, அந்த ஆளை ஆங்கிலத்தில் 'சைபரைட்' என்பார்கள். அது ஓர் ஊர்க்காரர்களின் பெயர் என்பது தெரியுமா? கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் கிரேக்கர்கள் தென் இத்தாலியில் குடியேறி எழுப்பிய சைபாரிஸ் நகரத்தார்தான் அசல் சைபரைட்டுகள்!

அப்படி என்ன சொகுசு? கொல்லரும் தச்சரும் ஊருக்குள் பட்டறை போடக் கூடாது. சேவல் வளர்க்கவே கூடாது. தூக்கம் கெட்டுவிடுமாம்! சமையல்காரர் ஒருவர் புதுப் பதார்த்தம் கண்டுபிடித்தால் ஓராண்டுக்கு வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது, லாபம் முழுக்க அவருக்கே. காப்புரிமைக்கு எவ்வளவு பழைய முன்னோடி பாருங்கள்! ஸ்மிண்டிரிடீஸ் என்ற செல்வந்தர் ரோஜா இதழ்களைப் பரப்பி அதன்மேல் படுத்தாராம். காலையில் எழுந்ததும், 'உடம்பெல்லாம் கொப்புளம்' என்று முறையிட்டாராம்!

குதிரைக் கதைதான் எனக்கு உயிர். விருந்துகளில் குழலிசைக்கு ஆடும்படி தங்கள் குதிரைகளைப் பழக்கி வைத்திருந்தார்கள். அண்டை ஊரான குரோட்டனோடு போர் மூண்டது. எதிரிகள் களத்தில் குழலை எடுத்து அதே மெட்டை வாசித்தார்கள். காதில் விழுந்ததுதான் தாமதம், சைபாரிஸ் குதிரைகள் முன்னங்காலைத் தூக்கி ஆடத் தொடங்கி, வீரர்களைச் சுமந்தபடியே எதிரிப் பக்கம் போய்விட்டனவாம்!

இவற்றில் பெரும்பகுதியை நமக்குச் சேர்த்து வைத்த கிரேக்க எழுத்தாளர் அதினேயஸ், ஊர் அழிந்து சுமார் 700 ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர். வென்றவர்கள் பரப்பிய கேலியும் அதில் கலந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். அழிவு மட்டும் நிஜம். கி.மு. 510-இல், ஒலிம்பிக் மல்யுத்த வீரர் மிலோ தலைமையில் வந்த குரோட்டன் படை ஊரைத் தரைமட்டமாக்கியது. அதோடு விட்டார்களா? கிராத்தி ஆற்றையே திருப்பி ஊரின்மேல் பாயவிட்டார்கள் என்கிறார் பண்டைய புவியியலாளர் ஸ்ட்ராபோ!

1960-களில் காந்தமானிக் கருவிகளோடு தேடியவர்கள், பல மீட்டர் வண்டலுக்கு அடியில் ஊரின் சுவடுகளைக் கண்டார்கள். 2013-இல் அதே கிராத்தி கரையை உடைத்து, அகழாய்வு இடத்தை மறுபடியும் மூழ்கடித்தது!

அன்று சைபாரிஸின் அழிவுக்காக வருந்தியவர்களும் உண்டு. கடல் தாண்டி இருந்த மிலேட்டஸ் என்ற கிரேக்க நகரம் சைபாரிஸின் நெருங்கிய நட்பு ஊர். அதன் கம்பளி ஆடைகள் என்றால் சைபாரிஸ்காரர்களுக்குக் கொள்ளை ஆசை. சைபாரிஸ் விழுந்த செய்தி வந்தபோது மிலேட்டஸின் ஆண்கள், இளைஞர்கள் உட்பட, தலையை மழித்துக்கொண்டு துக்கம் காத்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார்.