நினைவாற்றல் கேப்சூல்கள்: முதியோர் அறிய வேண்டியவை

முதுமையில் மங்கும் நினைவை மீட்டுத் தரும் என்று விளம்பரப்படுத்தி, மஞ்சள், வல்லாரை, ஜின்கோ மர இலை முதலியவற்றின் செறிந்த சாற்றைக் கேப்சூல்களாக விற்கும் வணிகம் பெருகிவரும் நிலையில், ஒரு பொருளை உணவாக உண்பதும் அதன் சாரத்தைச் செறிவாக்கி விழுங்குவதும் வெவ்வேறு என்பதை முதியோரும் குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டும்.

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் குடலில் சிறிதளவே உறிஞ்சப்பட்டு, கல்லீரலால் விரைவில் மாற்றப்பட்டு வெளியேறிவிடுகிறது. இதை ஈடுசெய்ய, மிளகின் காரப்பொருளான பைப்பரினைத் தயாரிப்பாளர் பலர் சேர்க்கின்றனர். அது கல்லீரலின் அவ்வேலையைத் தடுப்பதால், முதியவர் உண்ணும் வேறு சில மருந்துகளின் அளவும் இரத்தத்தில் கூடக்கூடும். இத்தகைய கேப்சூல்களை உண்டவர்களிடம் கல்லீரல் அழற்சி ஏற்பட்டது இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியுள்ளது. சாம்பாரில் இடும் மஞ்சளுக்கு இந்த அச்சம் தேவையில்லை. ஜின்கோவோ, வார்ஃபரின் போன்ற இரத்த உறைவெதிர்ப்பு மருந்துடன் சேரும்போது இரத்தக்கசிவுக்கு வழிவகுக்கலாம். அதன் பயனைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 240 மில்லிகிராம் ஜின்கோ உண்டவர்களுக்கு, வெற்று மாத்திரை உண்டவர்களைவிட மறதிநோய் வருவது குறையவில்லை.

இவை அனைத்தினும் கொடிய தீங்கு காலதாமதமே. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை ஆகியவற்றால் வரும் மறதி உரிய சிகிச்சையால் சீராகக்கூடியது. நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உண்போரிடம் பி12 குறைய வாய்ப்புண்டு. அது எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் என்றாலும், கேப்சூலை நம்பிக் கழியும் மாதங்களில் நரம்புகளுக்கு நேரும் சேதம் முழுதும் மீளாமற்போகலாம்.

இந்தியாவில் சத்துணவுத் துணைப்பொருளாக விற்கப்படும் கேப்சூலின் உறையில், மருத்துவப் பயன்பாட்டிற்கு அன்று என்ற குறிப்பு இருத்தல் கட்டாயம். ஆகவே நோயைக் குணமாக்கும் என்று அதற்கு விளம்பரம் செய்வது விதிமீறலாகும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006, பொய் விளம்பரத்திற்கு ரூ.10 லட்சம் வரை தண்டம் விதிக்கிறது. அச்சட்டப்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்திப் பொருளை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். குற்றம் உறுதியானால் கட்டணம் திருப்பித் தரப்படும். ஏமாற்றப்பட்டவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கவும் இயலும். இதற்கென ரசீதையும் காலிக் குப்பியையும் விளம்பரத்தின் படியையும் பாதுகாத்து வைப்பதோடு, மருத்துவரிடம் செல்லும்போது அக்குப்பியையும் உடன் எடுத்துச் செல்வது நல்லது.