பிழைக்கு அஞ்சாத முதல் வரைவு

கல்லூரியில் கட்டுரை எழுதத் திணறும் மாணவர்கள் பலருக்குச் சொல்ல விஷயம் உண்டு. மொழியும் ஓரளவு கைவசம் இருக்கும். எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் அப்பழுக்கின்றி அமைய வேண்டும் என்ற எதிர்பார்ப்புதான் கையைக் கட்டிப்போடுகிறது. உளவியலில் இதற்குப் பெர்ஃபெக்‌ஷனிசம் என்று பெயர். கனடாவின் உளவியலாளர்கள் பால் ஹியூவிட், கார்டன் ஃப்ளெட் இருவரும் 1991இல் இதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள்: தன்னிடமே குறையின்மையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் அதை எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. பின்னர் தாமஸ் கர்ரனும் ஆண்ட்ரூ ஹில்லும், 1989 முதல் 2016 வரை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளின் கல்லூரி மாணவர்கள் 41,641 பேரிடம் திரட்டப்பட்ட தரவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மூன்றுமே கூடியிருந்தன; மூன்றாவது வகைதான் மற்ற இரண்டையும்விட வேகமாகக் கூடியிருந்தது. எழுதும் மாணவரை மிகவும் வாட்டுவதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். மதிப்பெண் போடப்போகிறவரின் பார்வை முதல் வரியிலிருந்தே அவர் மேல் விழுந்துகொண்டிருக்கிறது.

இந்தத் தடை எப்படி வேலை செய்கிறது என்பதை மிகத் தெளிவாகக் காட்டியவர் மைக் ரோஸ். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்து மாணவர்கள் பத்துப் பேரைப் பற்றி 1980இல் அவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அவர்களில் ஐந்து பேர் எழுத உட்கார்ந்தால் உறைந்துபோகிறவர்கள். மற்ற ஐந்து பேருக்கு அந்தச் சிக்கல் இல்லை. இரு தரப்பையும் பிரித்தது திறமை அன்று. எழுத்தைப் பற்றிய விதிகளை அவர்கள் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தார்கள் என்பதில்தான் வேறுபாடு இருந்தது. ஒரு மாணவி, எழுதிய வாக்கியம் இலக்கணப்படி சரியாக அமையும்வரை அடுத்ததற்குப் போகமாட்டார். இன்னொருவர், தொடக்கம் வாசகரைச் சுண்டி இழுக்க வேண்டும் என்று எப்போதோ கற்றுக்கொண்டதால் முதல் பத்தியிலேயே மணிக்கணக்கில் நின்றுவிடுவார். மூன்றாவது மாணவி நாள்கணக்கில் திட்டம் வரைவார். அந்தத் திட்டம் ஒரு சிறு கட்டுரைக்குள் அடங்காத அளவுக்குச் சிக்கலாகிவிடும், எழுதவோ நேரம் மிஞ்சியிருக்காது.

இந்த விதிகளில் எதுவும் தவறானதல்ல. இலக்கணம் வேண்டும், நல்ல தொடக்கம் வேண்டும், திட்டமும் வேண்டும். நல்லெண்ணத்தோடு சொல்லித்தரப்பட்ட அறிவுரைகளே இந்த ஐந்து பேரிடமும் மீறமுடியாத சட்டங்களாக மாறியிருந்தன. சிக்கலின்றி எழுதியவர்களும் விதிகளோடுதான் எழுதினார்கள். ஆனால் ஒரு வழி ஒத்துவராதபோது அதை விட்டுவிட்டு வேறு வழி பார்த்தார்கள். எழுத முடியாமல் தவிக்கும் மாணவரைச் சோம்பேறி என்றோ அறிவு குறைந்தவர் என்றோ ஒதுக்குவது எவ்வளவு பெரிய அநீதி என்பதை இந்தச் சிறிய ஆய்வு உணர்த்தியது.

முதன்முறையாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களிடம் இந்த அச்சம் இன்னும் கடுமையாக இருந்தது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970இல் நகரின் உயர்நிலைப் பள்ளிகளில் தேறிய அனைவருக்கும் கதவைத் திறந்தது. அங்கே சிட்டி காலேஜில் கற்பித்த மினா ஷாக்னசி, புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் எழுதிய ஏறக்குறைய 4,000 கட்டுரைகளைப் படித்து ஆராய்ந்தார். அதன் பயனாக 1977இல் வெளிவந்த அவரது நூல், அந்தப் பிழைகளுக்குள் ஓர் ஒழுங்கும் காரணமும் இருப்பதைக் காட்டியது. புதிய மொழிநடை ஒன்றைப் பிடிக்க முயலும் மூளையின் தடங்கள் அவை. பிழைக்குப் பயந்தே சிலரால் ஒரு மணி நேரத்தில் சில வரிகளுக்கு மேல் எழுத முடியவில்லை என்பதையும் அவர் பதிவு செய்தார். நிறைய எழுதினால்தான் எழுத்து பழகும், பயமோ எழுதவிடாது. குறைவாக எழுதுவதால் பழக்கம் வராது, பழக்கம் இல்லாததால் பிழை குறையாது, பயமும் தீராது.

சொல்லைச் செதுக்குவதும் எழுத்தை மேம்படுத்துவதும் ஒன்றல்ல. நான்சி சோமர்ஸ் 1980இல் இருபது கல்லூரி மாணவர்களையும் அனுபவமுள்ள எழுத்தாளர்கள் இருபது பேரையும் ஒப்பிட்டார். மாணவர்கள் பெரும்பாலும் ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டார்கள். திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் களைந்தார்கள். அனுபவசாலிகளோ தங்கள் வாதத்தின் வடிவம் என்ன என்பதைத் தேடினார்கள், படிப்பவருக்கு அது எப்படிப் போய்ச் சேரும் என்று யோசித்தார்கள், தேவையானால் பத்தியையே தூக்கினார்கள். இழைத்து இழைத்து மெருகேற்றிய பத்தியை வெட்ட மனம் வராது. தொடக்கத்திலேயே குறையின்மையைத் தேடுகிறவர், பின்னால் செய்ய வேண்டிய பெரிய மாற்றத்தின் வழியைத் தாமே அடைத்துக்கொள்கிறார்.

இந்தச் சிக்கலைத் தாமே அனுபவித்து மீண்டவர் பீட்டர் எல்போ. ஆக்ஸ்போர்டில் படித்தபோது கட்டுரைகள் எழுத முடியாமல் தவித்தார். பிறகு ஹார்வர்டில் சேர்ந்த முனைவர் படிப்பையும் அதே காரணத்தால் கைவிட்டார். சில ஆண்டுகள் ஆசிரியராக வேலை பார்த்தபின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பை முடித்தார். 1973இல் அவர் வெளியிட்ட ‘ரைட்டிங் வித்தவுட் டீச்சர்ஸ்’ என்ற நூல், பத்து நிமிடம் நிறுத்தாமல், அடிக்காமல், திரும்பிப் படிக்காமல் எழுதும் பயிற்சியைப் பரவலாக்கியது. படைப்பதும் திருத்துவதும் ஒரே நேரத்தில் நடந்தால் ஒன்றை ஒன்று முடக்கும் என்பது அவர் கண்டது. ஒரு கட்டுரைக்கு நான்கு மணி நேரம் கிடைத்தால், அதை மணிக்கு ஒருமுறையாக நான்கு தடவை எழுதும்படி அவர் சொல்கிறார். ஒவ்வொரு மணியிலும் கடைசிக் கால் மணி நேரம், எழுதியதன் சாரம் எது என்று கண்டு சுருக்கிச் சொல்வதற்கு. முதல் வரைவு மோசமாக இருக்கலாம் என்ற அனுமதி இங்கே கிடைக்கிறது. அதனால் தரம் தாழ்வதில்லை; தரம் பார்க்கும் வேளைதான் தள்ளிப்போகிறது.

வாசிப்பிலும் இதே பிடிவாதம் உண்டு. தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டி, ஏறக்குறைய எல்லா வரிகளுக்கும் அடிக்கோடிட்டு, ஒரு வரி விளங்காவிட்டால் அடுத்த பக்கத்துக்கே போகாத மாணவர் எந்தக் கல்லூரியிலும் இருப்பார். கிறிஸ்டினா ஹாஸ், லிண்டா ஃப்ளவர் ஆகியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், வாசிப்பவர்கள் மனத்தில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே படித்தார்கள். மாணவர்கள் பெரும்பாலும் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதிலேயே நின்றார்கள். தேர்ந்த வாசகர்கள், இதை யார் எழுதியிருக்கக்கூடும், யாருக்காக, எதற்காக என்றும் ஊகித்தார்கள். ஊகம் பொய்த்தால் மாற்றிக்கொண்டார்கள். தவறாக ஊகித்துவிடுவோமோ என்று அஞ்சுகிறவருக்கு இது கைகூடாது. வாசிப்புக்கு எல்போ பரிந்துரைத்த வழியும் இதற்குத் துணையாகும்: ஒரு கருத்தில் ஓட்டை தேடுவதற்கு முன், அது உண்மை என்றே கொஞ்ச நேரம் நம்பி, அந்த இடத்திலிருந்து எதெது தெரிகிறது என்று பார்ப்பது. சந்தேகிப்பது அதற்கு அடுத்த வேலை.

மாணவர் தனியாக முயன்றால் மட்டும் போதாது. கல்லூரி மதிப்பிடும் முறையும் இடம் கொடுக்க வேண்டும். 1980களில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தில் எல்போவும் பாட் பெலனாஃபும், ஒரே அமர்வில் எழுதிக்கொடுக்கும் எழுத்துத் தேர்வுக்குப் பதிலாகக் கட்டுரைத் தொகுப்பு முறையைக் கொண்டுவந்தார்கள். பருவம் முழுவதும் எழுதித் திருத்திய கட்டுரைகளிலிருந்து மாணவரே தேர்ந்தெடுத்து, அவற்றை எழுதிய விதம் பற்றிய குறிப்போடு ஒப்படைப்பார். அந்தத் தொகுப்பைப் படித்துத் தேறினாரா என்று முடிவு செய்பவர் அவருக்குப் பாடம் நடத்தாத வேறோர் ஆசிரியர். அதனால் வகுப்பாசிரியர் நீதிபதியின் இடத்திலிருந்து இறங்கி, வரைவைப் படித்து யோசனை சொல்லும் துணையாக மாணவர் பக்கம் வர முடிந்தது.