கடல் இல்லாத சேரன்மகாதேவிக்கும் கடலோரத் தடை!

சேரன்மகாதேவிக்காரர்கள் கடலைப் பார்க்க வேண்டுமானால் உவரிக்கோ திருச்செந்தூருக்கோ பஸ் ஏற வேண்டும். ஆனால் சர்க்கார் கணக்கில் பல காலம் இந்த ஊரும் கடலோரம்தான்!

கடற்கரையில் இருந்து 80 கிலோமீட்டர் வரை உள்ள ஊர்களின் சர்வே படங்கள் தடை செய்யப்பட்டவை என்று விதி இருந்தது. ராணுவக் காரணம். சேரன்மகாதேவியில் இருந்து உவரிக் கடலுக்கு நேராக அளந்தால் 80 கூட வராது. மாட்டிக்கொண்டது ஊர்.

இது தாலுகா ஆபீஸ் பட்டாப் படம் அல்ல. மேடு, பள்ளம், ஓடை, குளம், பாதை அத்தனையும் காட்டும் படம். கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று ஒரு மாணவன் பார்க்க நினைத்தாலும் சர்க்கார் அனுமதி வேண்டியிருந்தது!

பரங்கிமலைச் சங்கிலி

இந்தப் படங்களுக்கு அடிப்படை போட்டதே ஒரு ராணுவக்காரர்தான். பெயர் வில்லியம் லாம்ப்டன். 1799 ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்தவர்.

சென்னைப் பரங்கிமலை அப்போது பீரங்கிப் படையின் இடம். இன்று ராணுவ அதிகாரிகள் பயிற்சி பெறும் அகாடமி அங்கேதான் இருக்கிறது. 1802 ஏப்ரல் 10-ந் தேதி அங்கிருந்து பெரும்பாக்கம் பக்கமாக அளக்க ஆரம்பித்தார் லாம்ப்டன். கையில் 100 அடி எஃகுச் சங்கிலி. சித்திரை வெயிலில் எஃகு நீளுமே! அதனால் பக்கத்திலேயே தெர்மாமீட்டர். ஏழரை மைல் அளக்க 57 நாள் ஆனது.

அந்த ஒரு கோட்டை வைத்து முக்கோணம் முக்கோணமாகத் தெற்கே இறங்கினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோவில் கோபுரத்தில் அரை டன் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி நசுங்கியது. லாம்ப்டனே கூடாரத்தில் அடைந்து கிடந்து அதைச் சரி செய்தார். மறுவருஷம் நெல்லைச் சீமையைத் தாண்டிக் குமரிமுனை வரை அளந்து முடித்தார்.

பூட்டு திறந்தது

2005-ல் தேசிய வரைபடக் கொள்கை வந்தது. ராணுவத்துக்குத் தனிப் படம், ஜனங்களுக்குத் தனிப் படம் என்று பிரித்தார்கள். அதே வருஷம்தான் 'கூகுள் எர்த்'தும் வந்தது. வெளிநாட்டில் இருப்பவன் வீட்டில் உட்கார்ந்தபடி நம்ம ஊர்க் குளத்தைப் பார்த்தான்!

2017-ல் ஆதார் எண் கொடுத்தால் பொதுப் படங்களை இலவசமாக எடுத்துக்கொள்ள வழி செய்தார்கள். 2021 பிப்ரவரியில், இந்தியக் கம்பெனிகள் முன் அனுமதி இல்லாமலே படம் தயாரிக்கலாம் என்று உத்தரவு வந்தது. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட சில விவரங்களுக்குக் கட்டுப்பாடு நீடிக்கிறது.