பதினெட்டு வயதுக்குப் பிறகு எங்கே போவது?
மாற்றுத்திறனாளிகளுக்கு ஆண்டு முழுவதும் நடக்கும் கலைக்கூடம்: ஒரு விளக்கம்

அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலம் போன்ற ஓர் ஊரில், அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளைக்கு 18 வயது வரை ஏதோ ஒரு வழி இருக்கிறது. பள்ளி, சத்துணவு, வட்டார வள மையம், சிறப்புப் பயிற்றுநர், இயன்முறைப் பயிற்சி. இவை போதவில்லை என்று பெற்றோர் குறைபடுவதில் நியாயம் உண்டு. ஆனாலும் காலையில் எழுந்தால் போவதற்கு ஓர் இடம் இருக்கிறது.

18 முடிந்ததும் அந்த இடம் இல்லாமல் போகிறது. அம்மா முந்திரிக் காட்டுக்கோ நூறு நாள் வேலைக்கோ போயாக வேண்டும். பிள்ளை திண்ணையில் உட்காரும், டி.வி. பார்க்கும், பொழுது சாய அம்மா வரும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படியே இருபத்தைந்து வயதாகும், முப்பத்தைந்தாகும். நாற்பத்தைந்திலும் ஊர் அவரைப் 'பாவம், அந்தப் புள்ள' என்றுதான் சொல்லும்.

இந்த நீண்ட பகல்களுக்கு உலகில் சில ஊர்கள் ஒரு விடை கண்டிருக்கின்றன. வளர்ந்த மாற்றுத்திறனாளிகள் தினமும் வேலைக்குப் போவதுபோல் வந்து வரையவும் பிசையவும் பின்னவும் ஆடவும் ஒரு கூடம். அது எப்படி நடக்கிறது, நம் ஊரில் நடத்த என்ன வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

எங்கே தொடங்கியது?

1974-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், எலியாஸ் காட்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய மனைவி ஃபுளோரன்ஸ் லூடின்ஸ் காட்ஸ் என்ற ஓவியரும் தங்கள் வீட்டின் கார் கொட்டகையில் சில மேசைகளைப் போட்டுத் தொடங்கினார்கள். பெரிய காப்பகங்களில் அடைபட்டிருந்த மாற்றுத்திறனாளிகள் வெளியே அனுப்பப்பட்ட காலம் அது. வெளியே வந்தவர்களுக்குப் பகலில் செய்ய ஒன்றுமில்லை. அந்தக் கொட்டகைதான் ஓக்லாந்து நகரில் இன்றும் இயங்கும் 'கிரியேட்டிவ் குரோத்' கலை மையமாக வளர்ந்தது. 50 ஆண்டு நிறைந்த 2024-இல் சான்பிரான்சிஸ்கோ நவீன கலை அருங்காட்சியகம் அதன் கலைஞர்களுக்காகத் தனிக் கண்காட்சி நடத்தியது.

அந்த மையத்தைப் புரிந்துகொள்ள ஜூடித் ஸ்காட் ஒருவரின் கதை போதும். 1943-இல் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர். டவுன் சிண்ட்ரோம் இருந்தது. காது கேட்காது என்பதை நெடுங்காலம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் படிக்கவே தகுதியற்றவர் என்று எழுதி, 7 வயதில் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஏறத்தாழ 35 ஆண்டுகள் அங்கேயே கழிந்தன. கடைசியில் உடன்பிறந்த ஜாய்ஸ்தான் அவரை மீட்டுத் தன்னோடு அழைத்துவந்து, 1987-இல் கிரியேட்டிவ் குரோத்தில் சேர்த்தார்.

முதல் இரண்டு ஆண்டு பலன் என்று எதுவும் இல்லை. வண்ணம் கொடுத்தார்கள், காகிதம் கொடுத்தார்கள், அவருக்கு நாட்டமில்லை. ஆனாலும் மையம் அவரை அனுப்பிவிடவில்லை. ஒருநாள் நூல் கலைஞர் ஒருவர் நடத்திய வகுப்பில், ஜூடித் ஒரு குச்சியை எடுத்து அதன்மேல் நூலைச் சுற்றத் தொடங்கினார். 2005-இல் இறக்கும்வரை சுற்றிக்கொண்டே இருந்தார். கைக்குக் கிடைத்த பொருளை உள்ளே வைத்து, மேலே வண்ண வண்ணமாக நூலைச் சுற்றிச் சுற்றி ஆளுயரச் சிற்பங்களாக்கினார். ஏறத்தாழ 200 படைப்புகள். இன்று பெரிய அருங்காட்சியகங்கள் அவற்றைப் பாதுகாக்கின்றன.

அந்த இரண்டு ஆண்டைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஒரு நாள் முகாம், ஒரு வாரப் பயிற்சி என்று நடத்தியிருந்தால், 'இவருக்கு எதுவும் வராது' என்று ஜூடித்தின் பெயருக்கு எதிரே மறுபடியும் ஒருமுறை எழுதியிருப்பார்கள்.

லண்டனின் 'ஆக்‌ஷன்ஸ்பேஸ்' அமைப்பும் இதே வழியில் நடப்பது. ஆட்டிசம் உள்ள, மிகச் சில சொற்களே பேசும் நெனா காலு 1999 முதல் அதனோடு சேர்ந்து வேலை செய்கிறார். கயிறு, ஒட்டுநாடா, பழைய வீடியோ நாடா ஆகியவற்றால் தொங்கும் கூடுகளைச் சுற்றுகிறார். காகிதத்தில் சுழல் சுழலாகக் கோடு போடுகிறார். 2025 டிசம்பரில் பிரிட்டனின் புகழ்பெற்ற டர்னர் பரிசு அவருக்குக் கிடைத்தது. அறிவுசார் குறைபாடுள்ள ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. இடையில் ஓடியவை 26 ஆண்டுகள்.

இது சிகிச்சையா, தொழிற்பயிற்சியா?

இரண்டும் வேறு. சிகிச்சையில் கலை ஒரு கருவி. நோக்கம் உடல்நிலை, மனநிலை தேறுவது. தொழிற்பயிற்சியில் நோக்கம் வருமானம். நம் சிறப்பு மையங்களில் காகித உறை ஒட்டுவதும் மெழுகுவத்தி வார்ப்பதும் அகல் விளக்குக்கு வண்ணம் பூசுவதும் இந்த வகை. நூறு விளக்கும் ஒன்றுபோல் இருந்தால்தான் விலை போகும்.

கலைக்கூடத்தில் நூறும் நூறு விதமாக இருக்க வேண்டும். அங்கே முதல் கேள்வி, 'உங்களுக்கு எது பிடித்திருக்கிறது?' என்பது. வாயால் பதில் சொல்ல முடியாதவர் கையால் சொல்வார். மண்ணைத் தள்ளிவிட்டு நூலை எடுத்தால் அதுவே பதில். மன அமைதியும் வருமானமும் பின்னால் வரலாம். கிரியேட்டிவ் குரோத்தில் படைப்பு விற்றால் பணத்தில் பாதி அதைச் செய்தவருக்கு.

உதவியாளரின் வேலை என்ன?

இதில் மிகக் கடினமான வேலை அவருடையது, ஏனென்றால் அவர் செய்யாமல் இருக்க வேண்டியவை அதிகம். கையைப் பிடித்து வரையக் கூடாது. குழந்தைகளுக்கான வண்ணம் தீட்டும் புத்தகத்தை முப்பது வயதுக்காரர் முன்னால் வைக்கக் கூடாது. வானத்துக்குப் பச்சை பூசினால் திருத்தக் கூடாது. 'முடிந்தது' என்று சொல்லும் உரிமை வரைபவருக்கே உண்டு.

அவர் செய்ய வேண்டியவை: விரல் மடங்காதவருக்குத் தூரிகைக் காம்பில் சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்குவது. கை நடுங்குபவருக்குத் தாளை மேசையோடு ஒட்டி வைப்பது. கையை அசைக்க முடியாதவருக்குத் தலைப்பட்டையில் தூரிகையைக் கட்டுவது. பார்வை மங்கியவருக்குப் பசைக்கோட்டில் நூலை ஒட்டித் தடவிப் பார்க்கும்படி செய்வது. இரைச்சல் தாங்காதவருக்கு ஓர் அமைதியான மூலை. பேச்சு வராதவருக்கு அன்றைய வேலைகளைப் படமாக வரிசையில் ஒட்டிய பலகை. யாருக்கு வலிப்பு வரும், யார் எந்த வேளையில் மருந்து சாப்பிட வேண்டும் என்ற குறிப்பு எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

இப்படித் துணை நிற்பது தமிழுக்குப் புதிதல்ல. ஒருவருக்குப் பார்வையும் மற்றவருக்கு நடையும் இல்லாத இரட்டைப்புலவர்களை நாம் அறிவோம். பார்வையற்றவர் தோளில் நடக்க இயலாதவர் அமர்ந்து, அவர் வழி சொல்ல இவர் நடந்து, ஒருவர் தொடங்கிய பாட்டை மற்றவர் முடித்து ஊர் ஊராகப் போனார்கள் என்பது மரபுச் செய்தி. ஒருவருக்கொருவர் துணையாக நின்றதால் கவிதை யாருடையது என்ற ஐயம் எழவில்லை. கலைக்கூடத்தின் உதவியாளர் அப்படியொரு தோள்.

விக்கிரமங்கலத்தில் ஓராண்டு எப்படி ஓடும்?

மேலைநாட்டுக் கால அட்டவணை நமக்குப் பொருந்தாது. நம் வெயிலும் மழையும் அறுவடையும் வேறு. பழைய புத்தர் சிலையும் சமணச் சிலைகளும் இருக்கும் இந்த ஊரில், இந்த மண்ணையும் சுற்றுவட்டாரத்தையும் வைத்தே ஓராண்டைத் திட்டமிட முடியும்.

தை, மாசி: அறுவடை முடிந்து வீடுகளில் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும் காலம், தொடங்க ஏற்றது. இந்த இரண்டு மாதமும் யாரையும் எதுவும் செய்யச் சொல்ல வேண்டாம். மண், கரி, நூல், காகிதம், விதை என்று மேசைகளில் பரப்பிவைத்து, யார் கை எதன்மேல் போகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும்.

பங்குனி முதல் வைகாசி வரை: அரியலூர் வெயில் ஊருக்கே தெரியும். காலை ஒன்பது முதல் பன்னிரண்டரை வரைதான் கூடம். தாகம் என்று சொல்லத் தெரியாதவர்களும் வருவார்கள். மணிக்கு ஒருமுறை தண்ணீர் கொடுக்க வேண்டும். உட்கார்ந்து செய்யும் நூல் வேலைக்கு இதுவே காலம். உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கத்துத் தறிகளில் பாவும் ஊடையும் போக மிஞ்சும் கழிவு நூல் கிடைக்கும். ஜூடித் ஸ்காட்டுக்கு வேண்டியிருந்தது அந்த நூலும் ஒரு குச்சியும்தான்.

ஆனி, ஆடி: உடல் அசையும் கலைகளுக்கு. பறை, கும்மி, ஒயிலாட்டம். காது கேளாதவரும் பறையின் அதிர்வை நெஞ்சில் உணர்வார். சக்கர நாற்காலியில் இருப்பவர் கையால் ஆடுவார். வெளியே போவதற்கும் இதுவே மாதம். முதலாம் ராஜேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரைக்குக் கங்கைகொண்ட சோழபுரம் போகலாம். வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் போக வேண்டும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த பூமி இது. அம்மோனைட் என்னும் கடலுயிரின் சுருண்ட ஓடு இங்கே கல்லாகிக் கிடக்கிறது. அந்தச் சுருளைப் பார்த்துவிட்டு வந்தவர் மறுநாள் காகிதத்தில் என்ன போடுவார் என்பதை நாம் சொல்ல முடியாது. அதற்காகத்தான் அழைத்துப் போவது.

ஆவணி, புரட்டாசி: களிமண். ஊரே பிள்ளையார் பிடிக்கும், கொலு வைக்கும் காலம் என்பதால், கூடத்தில் நடப்பதும் தெருவில் நடப்பதும் ஒன்றாகும்.

ஐப்பசி, கார்த்திகை: மழை. மண்பாதையில் சக்கர நாற்காலி ஓடாது. பலர் வர முடியாது. இரண்டு மாதம் விட்டுப்போனால் சிலருக்குப் பழகியது மொத்தமும் கலைந்துவிடும். ஆகவே ஆளுக்கொரு பை: தாள், வண்ணம், நூல். உதவியாளர் வாரம் ஒருமுறை வீடு தேடிப் போவார். வர முடிந்தவர்களோடு உட்கார்ந்து, ஆண்டு முழுக்கச் செய்தவற்றில் எதை ஊருக்குக் காட்டுவது, என்ன பெயர் வைப்பது, விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் இப்போதுதான்.

டிசம்பர் 3: உலக மாற்றுத்திறனாளிகள் நாள். வழக்கமாக மேடை, பொன்னாடை, நலத்திட்ட உதவி, ஒரு நடனம் என்று முடியும் நாள். கூடம் இருக்கும் ஊரில் அது கண்காட்சி நாள். கலைஞர் தம் படைப்பின் பக்கத்தில் நிற்பார். கீழே அவர் பெயரும் விலையும் எழுதியிருக்கும். பார்க்க வருபவர் அவரிடமே விலை கேட்பார்.

மார்கழியில் ஓய்வு. விடியலில் தெருக்கோலம் போட விரும்புபவர்கள் போடட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதன் 29-ஆம் பிரிவு பண்பாட்டு வாழ்வுக்கு உரியது. மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வசதியும் ஆதரவும் தர வேண்டும், கலைப் பாடங்களை அவர்கள் பங்கேற்கும்படி மாற்றியமைக்க வேண்டும், பொழுதுபோக்கு மையங்களை வளர்க்க வேண்டும் என்கிறது. 2007-இல் இந்தியா ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 30-ஆம் விதியும் இதையே சொல்கிறது. ஆகவே கலைக்கூடம் கேட்பது உரிமை கேட்பது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு மாநில அரசு மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. தேசிய அறக்கட்டளையின் 'விகாஸ்' திட்டம் 10 வயதுக்கு மேற்பட்டவர்களின் பகல்நேர மையங்களுக்கு உதவுகிறது. 18 வயதான பிறகு பெற்றோரே ஆனாலும் சட்டப்படி காப்பாளராக வேண்டுமானால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். படைப்பு விற்ற பணத்தை வங்கியில் போடும்போது இது தெரிந்திருப்பது நல்லது.

தமிழ்நாட்டில் நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. ஆய்க்குடியில் 1981 முதல் அமர் சேவா சங்கம், சென்னையில் 1985 முதல் வித்யாசாகர், முட்டுக்காட்டில் 2005 முதல் தேசியப் பன்முகக் குறைபாட்டு நிறுவனம். இலங்கையில் 2000-இல் தொடங்கிய சுனேரா அறக்கட்டளை, மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கு ஊர் ஊராக நாடகப் பட்டறைகள் நடத்திவருகிறது. நம் ஊரில் இல்லாதது, நடந்துபோகும் தூரத்தில் ஓர் இடம்.

எங்கிருந்து தொடங்குவது?

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், ஒவ்வோர் ஊராட்சியிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிக்க வகைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த உறுப்பினர் ஊராட்சிக் கூட்டத்தில் வைக்க வேண்டிய முதல் கோரிக்கையாக இதைச் சொல்வேன்: ஊருக்குச் சொந்தமாகப் பூட்டிக்கிடக்கும் ஓர் அறை. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் வாசலுக்குச் சாய்தளம். சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை. வாரத்தில் மூன்று நாள். சம்பளம் பெறும் உதவியாளர்கள் இருவர். குறைந்தது இரண்டு ஆண்டுக்கு உறுதி.

ஆண்டைக் குறைக்க ஒப்பக் கூடாது. முந்திரி ஒட்டுக் கன்று நட்டவருக்கு அது மூன்றாம் ஆண்டில்தான் காய்ப்புக்கு வரும் என்று தெரியும். முதல் ஆண்டு பிடுங்கிப் பார்ப்பவர் யாரும் இல்லை. அந்தப் பொறுமையில் ஒரு பங்கை நம் வீட்டுத் திண்ணையில் இருப்பவருக்கும் தர வேண்டும்.

அப்போது ஒருநாள் காட்டு வேலை முடிந்து அம்மா வீடு திரும்பும்போது திண்ணை காலியாக இருக்கும். கூடத்தில் வேலை இன்னும் முடியாமல் மகனோ மகளோ நேரம் ஆக்கிக்கொண்டிருப்பார். அன்று தெருவைப் பார்த்துக் காத்திருப்பது அம்மாவாக இருக்கட்டும்.