வேலை தேடும்போது என்ன தட்டுகிறீர்கள்?

‘வீட்டிலிருந்தே வேலை’, ‘முன் அனுபவம் தேவையில்லை’, ‘உடனடி நியமனம்’ என்றுதான் பலரும் இணையத்தில் தேடுகிறார்கள். மோசடிக்காரர்கள் தங்கள் விளம்பரங்களில் எழுதி வைத்திருப்பதும் இதே சொற்களைத்தான். நம் தவிப்பைத் தட்டினால், அந்தத் தவிப்பை வைத்துப் பிழைப்பவர்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள். செய்யத் தெரிந்த வேலையைத் தட்டுங்கள்.

ஐடிஐ முடித்துவிட்டுக் கோவையில் வேலை தேடுகிறவர் ‘ஐடிஐ வேலை’ என்று மொட்டையாகத் தேடிப் பயனில்லை. ‘விஎம்சி ஆபரேட்டர்’, ‘சிஎன்சி செட்டர்’, ‘ஃபானுக்’ எனப் பட்டறையில் புழங்கும் பெயர்களை ஆங்கிலத்தில் தட்டி, கணபதி, அரசூர் என்று இடத்தையும் சேர்க்க வேண்டும். கணக்கு தெரிந்தவர் டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் என்று போடலாம். ஒரே வேலைக்குக் கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும் என்பதால் ‘அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்’, ‘அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ்’ இரண்டையும் தேடுங்கள். சொற்களை இரட்டை மேற்கோள்குறிக்குள் இட்டால் அந்தத் தொடர் அப்படியே உள்ள பக்கங்கள் வரும். வேண்டாத சொல்லுக்கு முன்னால், இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி போட்டால் அது விலகும். ‘ஸ்பான்சர்டு’ என்ற குறிப்போடு மேலே வருவது காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். மேலே இருப்பதாலேயே அதை நம்பிவிடக் கூடாது.

மத்திய அரசின் நேஷனல் கேரியர் சர்வீஸ் தளத்திலும், தமிழக அரசின் தனியார் துறை வேலை இணையத்திலும் பதிவு இலவசம். அரசுத் தளங்களின் பெயரில் போலிகளும் உலவுவதால் தளத்தின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ‘டாட் ஜிஓவி டாட் இன்’ என்று முடிய வேண்டும். ‘ஜிஓவி’ நடுவில் மட்டும் இருந்தால் போதாது.

பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று டெலிகிராமில் தொடங்குவது இன்னும் மோசம். முதலில் சில நூறு ரூபாய் தருவார்கள். பிறகு ‘டாஸ்க்’ முடிக்க ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்வார்கள்.

வெளிநாட்டு வேலையில் பணத்தோடு ஆளும் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட 13 தமிழர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். 1983 குடியேற்றச் சட்டப்படி, பதிவு பெறாத ஏஜென்ட் வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கக் கூடாது. பதிவு எண்ணை ‘இ-மைக்ரேட்’ தளத்தில் சரிபார்க்கலாம். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாய்க்கும் அதற்குரிய ஜிஎஸ்டிக்கும் மேல் சேவைக் கட்டணம் வாங்க முடியாது. ரசீது கேட்பது உங்கள் உரிமை. டூரிஸ்ட் விசாவில் போய் வேலையில் சேரலாம் என்று யார் சொன்னாலும் கிளம்பாதீர்கள்.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் அந்தப் பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பிருக்கிறது. சாட், பரிவர்த்தனை எண், ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்ப முடியாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு. போன பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று கட்டணம் கேட்டு வருபவரும் மோசடிக்காரர்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: ஏமாந்து வந்த பிள்ளையைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைக்கும் நேரத்தில்தான் பணம் கைவிட்டுப் போகிறது. பக்கத்தில் உட்கார்ந்து முதலில் 1930-க்குப் பேசச் சொல்லுங்கள்.